பாப் ஆர்ட் பாடத்துக்குப் பட்டறையும் கிட்டும் தேவையா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் ஓவிய ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாப் ஆர்ட் இயக்கத்தை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். வாரம் ஒரு பாடவேளைதான் கிடைக்கிறது. இதற்கிடையே வெளியார் ஒருவர், மாணவருக்கு 650 ரூபாய் வீதம் கொடுத்தால் வண்ணக் கிட், ஒருநாள் பட்டறை, சான்றிதழ் ஆகிய மூன்றையும் தருவதாகத் தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறார். இதை ஏற்கலாமா? பிள்ளைகள் நிறுவனங்களின் லேபிள்களையும் புகழ்பெற்ற ஓவியங்களையும் பார்த்து வரைந்தால் பதிப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: பட்டறையை ஏற்க வேண்டாம். பிஸ்கட், சோப்பு, தேயிலைப் பொட்டலங்களின் காலி உறைகள், போஸ்டர் கலர், தேய்ந்துபோன பல் துலக்கும் பிரஷ், கொஞ்சம் அட்டை ஆகியவை இருந்தால் இந்தப் பாடத்தை நீங்களே நடத்திவிடலாம். பதிப்புரிமையைப் பொறுத்தவரை வகுப்பறைக்குள் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அந்தச் சலுகை எதுவரை செல்லும் என்பதைப் பிறகு விளக்குகிறேன்.

இத்தகைய பட்டறைகளில் நடப்பதைப் பல பள்ளிகளில் பார்த்திருக்கிறேன். மாணவரின் முகத்தைக் கைபேசியில் படம் பிடித்து, ஒரு செயலியில் ஏற்றி, நான்கு கட்டங்களில் நான்கு பளிச்சென்ற நிறங்களாக்கி, பிளெக்ஸில் அச்சிட்டு ஆண்டு விழா மேடையில் கட்டிவிடுகிறார்கள். கிட் என்று கொடுக்கப்படுவது பெரும்பாலும் சில வண்ணக் குப்பிகளும், ஏற்கெனவே கோடு போட்டு அச்சிட்ட தாள்களும்தான். பிள்ளை எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, உற்றுப் பார்ப்பதில்லை. பிறர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போகிறது. சான்றிதழில் பெரும்பாலும் ‘சர்வதேச’ என்றொரு சொல் இருக்கும். அதை வழங்கும் அமைப்புக்கு முகவரிகூட இருக்காது. வருகிறவரிடம் பொருள்களின் விலையையும் பயிற்றுநரின் ஊதியத்தையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

பளிச்சென்ற நிறம்தான் பாப் ஆர்ட் என்ற எண்ணத்தைப் பிள்ளைகளின் மனத்தில் பதியவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விளம்பரமும் தொலைக்காட்சியும் டப்பா உணவும் வீடுகளை நிறைத்தபோது, அந்தப் பொருள்களையே கலைக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டவர்கள் இந்த ஓவியர்கள். 1956-ல் லண்டன் வைட்சாப்பல் கேலரியில் நடந்த கண்காட்சிக்காக ஆங்கில ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன், பத்திரிகை விளம்பரங்களிலிருந்து வெட்டியெடுத்த படங்களை ஒட்டி ஒரு வீட்டின் வரவேற்பறையை உருவாக்கினார். (அதில் அரை நிர்வாண உருவங்கள் உண்டு, எட்டாம் வகுப்புக்குக் காட்டுமுன் யோசித்துக்கொள்ளுங்கள்.) அமெரிக்காவில் இந்த இயக்கத்தை வளர்த்தவர்களில் சிலர் விளம்பரத் துறையிலிருந்தே வந்தவர்கள். ஆண்டி வார்ஹோல் காலணி விளம்பரங்களுக்குப் படம் வரைந்தவர். ஜேம்ஸ் ரோசன்குவிஸ்ட் நியூயார்க்கில் மாபெரும் விளம்பரப் பலகைகளை வரைந்தவர். தங்கள் தொழிலில் கற்ற கைவேலையையே அவர்கள் ஓவியத்துக்குள் கொண்டுவந்தார்கள் என்று சொன்னால் மாணவர்களுக்கு எளிதில் புரியும்.

வகுப்பில் ஒரே ஓவியத்தைத்தான் நிதானமாகக் காட்ட முடியும் என்றால், வார்ஹோலின் சூப் டப்பா ஓவியங்களைக் காட்டுங்கள். 1962 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸின் ஃபெரஸ் கேலரியில் அவை முதன்முதலாக வைக்கப்பட்டன. மொத்தம் 32 கேன்வாஸ்கள். ஒவ்வொன்றும் 20 அங்குல உயரமும் 16 அங்குல அகலமும் கொண்டவை. கேம்பெல் நிறுவனம் அப்போது விற்ற சூப் வகைகளும் 32. கடை அலமாரியில் அடுக்கியதைப் போலவே கேலரிச் சுவரிலும் ஒரு நீளப் பலகையின்மேல் அவற்றை வரிசையாக நிறுத்தினார்கள். இவை ஸ்க்ரீன் பிரிண்டிங் முறையில் (சட்டத்தில் கட்டிய துணி வழியே வண்ணத்தை அழுத்தி) அச்சிடப்பட்டவை என்று பட்டறைக்காரர்களும் சில பாடக் குறிப்புகளும் சொல்வது தவறு. வார்ஹோல் கோடுகளைப் புரொஜெக்டரால் கேன்வாஸில் விழச் செய்து, அதன்மேல் வரைந்து, கையால் வண்ணம் தீட்டினார். டப்பாவின் அடிவிளிம்பில் சுற்றிவரும் சிறு பூ வடிவத்தைக் கையால் முத்திரை குத்தினார். அதனால் ஒரே மாதிரி தோன்றும் டப்பாக்களில் அந்தப் பூக்கள் சற்றே இடம் மாறியும் அழுத்தம் கூடியும் குறைந்தும் விழுந்திருக்கின்றன. தெளிவான இரண்டு படங்களை அருகருகே வைத்து, வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தொழிற்சாலை எந்திரம் செய்வதை ஒரு மனிதக் கை செய்ய முயன்றால் என்ன நிகழும் என்பதை நீங்கள் விளக்காமலே அவர்கள் கண்டுகொள்வார்கள்.

அந்தக் கண்காட்சியைப் பார்த்தவர்களில் ஒருவர் கொரிட்டா கென்ட் என்ற கன்னியாஸ்திரி. அதே நகரில் இருந்த இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் கலை கற்பித்தவர் அவர். அந்த ஆண்டிலேயே ஒரு ரொட்டி உறையின் வண்ண வட்டங்களைக் கொண்டு ஸ்க்ரீன் பிரிண்ட் ஒன்றை உருவாக்கினார். மாணவர்களைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, நடுவில் சிறு சாளரம் வெட்டிய அட்டையைக் கையில் கொடுத்து, அதன் வழியாகக் கடைப் பலகைகளையும் விளம்பர எழுத்துகளையும் பார்க்கச் சொல்வது அவருடைய வழக்கம். முழுப் பலகையும் தெரியாமல் ஓர் எழுத்தின் வளைவும் அதன் பின்னணி நிறமும் மட்டும் தெரியும்போது, பிள்ளை விளம்பரத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு அதன் வடிவத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு கலை ஆசிரியர் இன்னொரு கலை ஆசிரியருக்கு விட்டுச்சென்ற முறைகளில் இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

உங்கள் முதல் பாடவேளையை இந்த அட்டைக்கே கொடுத்துவிடுங்கள். மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த உறைகளில் ஒன்றின்மேல் அட்டையை நகர்த்தி, தனக்குப் பிடித்த பகுதியை ஒவ்வொருவரும் தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த வாரம் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி, பழைய எக்ஸ்ரே படத்தில் ஸ்டென்சிலாக (வண்ணம் பதிப்பதற்கான வெட்டு அச்சாக) வெட்டச் செய்யுங்கள். பிளேடு மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். பிறகு அதே வடிவத்தை ஒரு தாளில் ஆறு முறை பதிக்கட்டும், இரண்டே நிறங்களில். அமெரிக்க பாப் ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் காமிக்ஸ் அச்சின் புள்ளிகளைப் பெரிதாக்கி வரைந்ததைக் காட்ட விரும்பினால், பஞ்சிங் மெஷினால் வரிசையாகத் துளையிட்ட அட்டையைத் தாள்மேல் அழுத்திப் பிடித்து, பல் பிரஷில் கெட்டியான வண்ணத்தைத் தொட்டுத் தேய்க்கலாம். அவரும் துளையிட்ட தகடுகளைப் பயன்படுத்தியவர்தான்.

நான்கு வாரங்களில் முடிய வேண்டிய இந்த வேலை உங்கள் பள்ளியில் எட்டு வாரம் இழுக்கலாம். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளைதான். கணக்குக்கும் அறிவியலுக்கும் அதை இரவல் வாங்குகிறவர்கள் யாரும் திருப்பித் தருவதில்லை. போஸ்டர் கலர் வாங்க நிதி இல்லை என்று சொல்லும் பள்ளிகளே பெற்றோரிடம் 650 ரூபாய் கேட்டுச் சுற்றறிக்கை அனுப்பத் தயங்குவதில்லை என்பதைக் காணும்போது கோபம் வருகிறது. ஆசிரியர் என்ன கற்பித்தார் என்று கேட்க ஆளில்லை. விழாப் புகைப்படம் எங்கே என்று கேட்கத்தான் ஆள் இருக்கிறது.

இனிப் பதிப்புரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை மறுபடி உருவாக்குவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இங்கே ‘கற்பித்தலின் போக்கில்’ என்பதை நன்றாகக் கவனியுங்கள். மணி அடித்ததிலிருந்து அடுத்த மணி அடிக்கும் வரையிலான நேரத்துக்குள் மட்டும் அது அடங்கிவிடுவதில்லை. பாடநூல் பகுதிகளை நகலெடுத்துக் கொடுத்ததற்காகப் பதிப்பகங்கள் தொடுத்த டெல்லிப் பல்கலைக்கழக நகல் கடை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் இதை விரிவாகவே பொருள் கொண்டது. எனவே நீங்கள் பாடத்துக்காக எடுக்கும் நகலும், மாணவர் வீட்டுப்பாடமாக வரையும் சூப் டப்பாவும், அது வகுப்புச் சுவரில் தொங்குவதும் கற்பித்தலைச் சேர்ந்தவையே. அதே படத்தைப் பள்ளி காலண்டராக அச்சிட்டுப் பெற்றோருக்கு விற்றால் அது கற்பித்தல் ஆகாது. டி-ஷர்ட்டில் போட்டு விற்றாலும் ஆகாது. நன்கொடை திரட்டத்தான் விற்றோம் என்று சொன்னாலும் ஆகாது. வார்ஹோல் 1987-ல் இறந்தார். இங்கே ஓவியத்துக்கான உரிமை, படைத்தவர் இறந்த பின் 60 ஆண்டுகள் நீடிப்பதால், அவருடைய ஓவியங்கள் 2047 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவையே. வார்ஹோலுக்கே இந்தத் தொல்லை நேர்ந்திருக்கிறது. 1964-ல் ஒரு பத்திரிகையில் வந்த செம்பருத்திப் பூக்களின் படத்தைக் கேட்காமல் எடுத்து ஓவியமாக்கியதற்காக, அந்தப் படத்தைப் பிடித்த ஒளிப்படக் கலைஞர் பட்ரீஷியா கால்ஃபீல்ட் அவர்மீது வழக்குத் தொடுத்தார்; கடைசியில் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

பட்டறைக்காரர் மாணவர்களின் ஓவியங்களைத் தம் விளம்பரத்தில் பயன்படுத்தும் உரிமையையும் விண்ணப்பப் படிவத்தின் கீழே பொடி எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்வதுண்டு. தலைமையாசிரியர் இன்னும் தயங்கினால் அந்தப் படிவத்தை வாங்கி அவர் முன்னிலையிலேயே உரக்கப் படியுங்கள். கூடவே, வண்ணத்துக்கும் தாளுக்கும் மட்டும் ஆகும் செலவைக் கணக்கிட்டு, உங்கள் கையெழுத்துடன் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.