திலேப்பியாவுக்கு செலினியம்: கிலோவுக்கு 5 கிராம் போடலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் குளத்தில் திலேப்பியா 200 கிராம் அளவுக்கு வந்திருக்கிறது. எடை பார்க்க வலை இழுத்த பிறகு சில மீன்களில் செதில் உதிர்ந்து சிவப்பாகப் புண் வந்துவிட்டது. தினமும் நாலைந்து சாகிறது. விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொல்லி டீலர் செலினியம் பவுடர் கொடுத்தார். கிலோ தீவனத்துக்கு 5 கிராம் கலக்கச் சொன்னார். டப்பாவில் 'செலினியம் 0.1 சதவீதம்' என்று இருக்கிறது. ஒரு வாரமாகக் கொடுத்தும் பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா? தீவனம் 4 மாதத்துக்கு மொத்தமாக வாங்கித் தகரக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன்.

பதில்: கூட்ட வேண்டாம், இன்றைக்கே நிறுத்துங்கள். செலினியம் மிகச் சிறிய அளவே தேவைப்படும் ஒரு தாதுச்சத்து.

டப்பாவில் உள்ள எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள். 0.1 சதவீதம் என்றால் 1 கிராம் பவுடரில் 1 மில்லிகிராம் செலினியம். 5 கிராம் போட்டால் கிலோ தீவனத்துக்கு 5 மில்லிகிராம். கெளுத்தி மீனுக்கு ஆய்வில் கண்ட தேவை 0.25 மில்லிகிராம், குளிர்நீர் மீனான ரெயின்போ டிரவுட்டுக்கு 0.15 முதல் 0.38. ஐரோப்பிய ஒன்றியம் தீவனத்தில் ஏற்கனவே உள்ளதையும் சேர்த்து மொத்தமாக 0.5-க்கு மேல் விடுவதில்லை. டிரவுட்டுக்கு 13 மில்லிகிராம் கொடுத்தபோது வளர்ச்சி குன்றி நிறையச் செத்தன. 3-ஐத் தாண்டினால் நாளடைவில் நஞ்சாகலாம் என்று அந்த ஆய்வாளர்கள் அப்போதே எழுதிவைத்தார்கள். திலேப்பியா கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த மீன்களின் தேவையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் கொடுப்பதற்குப் பெயர் மருந்து அல்ல. டப்பாவைப் படித்துக் கணக்குப் போடத் தெரியாதவர் சொல்லும் அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செலினியம் எதிர்ப்புச் சக்திக்கு உதவுவது உண்மைதான். கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் பெராக்சைடு போன்றவற்றை உண்டாக்குகின்றன. அது அந்த அணுவையே அரிக்காமல் காப்பது குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி. அந்த நொதிக்குள் செலினியம் இருக்கிறது. நொதிக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டால் அதற்கு மேல் போடுவதால் பாதுகாப்பு ஏறாது. மிகுந்துபோன செலினியமே அணுவை அரிக்கத் தொடங்கும். தவிர, இது வாரக்கணக்கில் உடம்பில் ஏறி வேலை செய்கிற சங்கதி. வந்துவிட்ட புண்ணை ஆற்றாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது கொட்டகையைப் பற்றி. தகரக் கூரையின் கீழ் 4 மாதத் தீவனம்! மிதவைத் தீவனத்தில் உள்ள எண்ணெய் அந்தச் சூட்டில் கெட்டுச் சிக்கு வாடை பிடிக்கும். சிக்குப் பிடிக்கும்போது முதலில் தீர்வது வைட்டமின் ஈ. வைட்டமின் ஈ-யும் செலினியமும் ஒரே வேலையைப் பங்குபோட்டுச் செய்பவை. ஒன்று போனால் மற்றதன் மேல் சுமை ஏறும். செலினியத்தை மேலே தூவினால் கெட்ட எண்ணெய் நல்லதாகாது. நாளுக்கு நாலு வேளை அதே கெட்ட எண்ணெயைத்தான் மீன் தின்கிறது, கல்லீரல் கெடுகிறது.

அடிவரிசையில் இருந்து ஒரு மூட்டையைப் பிரியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து வெந்நீர் தெளித்து, மூடி, ஐந்து நிமிடம் கழித்து முகர்ந்து பாருங்கள். பழைய பெயின்ட் போல வாடை அடித்தால் அந்த மூட்டை குளத்துக்கு ஆகாது. தீவன உருண்டைகள் ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் தெரிந்தாலும் அப்படியே. வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பூஞ்சண நஞ்சு காய்ந்தாலும் போகாது. வாடையே இல்லை என்பதற்காக வைட்டமின் இருக்கிறது என்றும் ஆகாது. இனி ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வேண்டாம். தயாரித்த தேதி பார்த்து வாங்குங்கள், பழையது முதலில் போகட்டும். தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் மரச்சட்டம், சுவரில் இருந்து ஒரு முழம் இடைவெளி, கூரைக்கு அடியில் காற்று ஓட வழி. மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடி டீலர் தன் கிடங்கைக் காலி செய்யும் வழி.

புண்ணுக்கு வருவோம். வலையில் உரசிச் செதில் போன இடத்தில் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். உயிரோடு இருக்கும் இரண்டு மூன்று புண் மீனைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். செத்து ஊறியது பயன்படாது. விடியலில் வாய் பிளப்பது ஆக்சிஜன் பஞ்சம். நள்ளிரவில் இருந்து வெயில் ஏறும்வரை ஏரேட்டர் ஓடட்டும், தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், விடிந்து இரண்டு மணி நேரம் கழித்தே முதல் வேளை. செத்ததை அன்றன்றே அள்ளிப் புதையுங்கள்.

சொந்தமாகத் தீவனம் அரைத்து, அதில் மீன்தூள் இல்லாமல் புண்ணாக்கும் தவிடும் மட்டுமே போடுகிறவர்களுக்கு செலினியம் தேவைப்படலாம். அதே 0.1 சதவீதப் பவுடர் என்றால் ஒரு டன்னுக்கு 300 கிராம் போதும். அதை நேரே கொட்டினால் ஒரு மூட்டையில் நஞ்சும் மறு மூட்டையில் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் 3 கிலோ தவிட்டில், பிறகு அதை 30 கிலோவில், கடைசியில் மொத்தத்தில் கலக்க வேண்டும். செலினியத்தின் உப்பான சோடியம் செலினைட்டைத் தனியாக வாங்கிக் கலக்கவே கூடாது: டன்னுக்கு முக்கால் கிராம்கூட வராது, அதைச் சீராகப் பரப்ப முடியாது, தூசு மூச்சில் போனால் உங்களுக்கும் கேடு. செலினியம் ஏற்றி வளர்த்த ஈஸ்ட் கிடைத்தால் நல்லது, உடம்பில் நன்றாக ஏறும். மிக நுண்ணிய துகளாக்கிய நானோ செலினியத்துக்கு நான் அவசரப்பட மாட்டேன்.

தண்ணீரில் ஊற்றச் சொல்லும் செலினியம் டானிக்கை மட்டும் தொடாதீர்கள். பாசியில் ஏறி, புழு பூச்சியில் ஏறி, மீனில் குவியும். அமெரிக்காவின் பெலூஸ் ஏரியில் 1970-களில் நிலக்கரிச் சாம்பல் வழியாக செலினியம் கலந்து, இருந்த 20 வகை மீனில் 19 வகை அழிந்தது.

ஒரு வாரம் கொடுத்ததால் மீன் உடனே செத்துவிடாது. புதுத் தீவனத்துக்கு மாறுங்கள். ஆனால் இந்தக் குளத்தில் இருந்து தாய்மீன் எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மிகுதியான செலினியம் முட்டைக்குப் போகும். குஞ்சுகள் முதுகு வளைந்து பொரிக்கும்.