டீச்சரிடம் கேளுங்கள்: கிறிஸ்துமஸ் 25-ம் தேதியோடு முடிவதில்லை

(பாம்பனில் பாடகர் குழுவையும் சிறுவர் நாடகங்களையும் பழக்கிவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகள் கோயில் நாடகத்தில் சம்மனசு (தேவதூதர்), மகன் பள்ளி விழாவில் டான்ஸ், நான் பாடகர் குழுவில். 15-ம் தேதியிலிருந்து அன்பியத்தோடு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழு) வீடு வீடாகக் கேரல். நடுவில் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. 25 மதியம் மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பலகாரமும் நான்தான் சுட வேண்டும். கணவர் விசைப்படகுக்குப் போகிறவர். எதை எடுப்பது, எதை விடுவது?
— வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியிருக்கிற அத்தனை வேலையும் 25-ம் தேதி மதியத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். திருச்சபை நாட்காட்டிப்படி 25 என்பது தொடக்கம். அதற்கு முந்தின நாலு ஞாயிறும் திருவருகைக்காலம், காத்திருக்கிற காலம். கிறிஸ்து பிறப்புக் காலம் 24 சாயங்காலம் தொடங்கி, ஞானிகள் பாலன் இயேசுவைக் காண வந்ததை நினைக்கிற மூன்று ராஜாக்கள் திருநாளையும் தாண்டி, ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரைக்கும் போகும். கோயிலில் இயேசு பிறப்புக் குடிலும் அதுவரை இருக்கிறது. நாம் மட்டும் 26-ம் தேதி காலையில் எல்லாம் முடிந்துவிட்டது என்று படுத்துவிடுகிறோம்.

அதனால் முதல் வேலையாக மாமியாரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். 25-க்கு அடுத்து வருகிற ஞாயிறு பெரும்பாலும் திருக்குடும்பத் திருவிழா. குடும்பம் கூடிச் சாப்பிட அதைவிடப் பொருத்தமான நாள் எது? நடுச்சாமப் பூசை முடிந்து வீடு திரும்பவே இரண்டு மணி ஆகிவிடும். அந்த அலுப்போடு விடியக்காலையில் அண்டாவை அடுப்பில் ஏற்றுகிற பெண், வந்தவர்களோடு ஒரு வாய் பேசக்கூட முடியாமல் நிற்பாள். "அத்தை, அன்றைக்கு நானும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற மாமியாரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடுத்தது, கேரலும் பாடகர் குழுவும். இரண்டில் ஒன்றுதான். நான் பாடகர் குழுவைத்தான் எடுக்கச் சொல்வேன். பத்து நாள் பனியிலும் வாடைக் காற்றிலும் தெருத்தெருவாகக் கத்திப் பாடிவிட்டு 24 இரவு மைக் முன்னால் நின்றால் தொண்டையில் காற்றுதான் வரும். கேரலுக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள், அதுவும் தேர்வு முடிந்த பிறகு. அதுவரை ஒத்திகை அரை மணி நேரம் போதும் என்று நாடகம் பழக்குகிறவரிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நான் பழக்குகிற பிள்ளைகளுக்கும் தேர்வு நேரத்தில் அவ்வளவுதான்.

கணவர் படகு ஒருநாள் விட்டு ஒருநாள்தானே போகிறது? கரையில் இருக்கிற நாளில் மகனை ஒத்திகைக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர் வேலை. கேட்டால் செய்வார்கள். நாம்தான் கேட்பதில்லை.

பலகாரத்துக்குத் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் ஒரே கொல்லையில் சேருங்கள். ஒருத்தி அதிரசம், ஒருத்தி முந்திரிக்கொத்து, கடைசியில் பங்கு பிரித்துக்கொள்வது. அச்சு முறுக்கு மட்டும் கை பழகினவரிடம் கொடுங்கள். அச்சு எண்ணெயிலேயே கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். மாவில் முக்கும்போது முக்கால் பங்குதான் முங்கணும், மேல் விளிம்பை மாவு தொட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது. முதல் நாலைந்து எப்படியும் பிய்ந்துதான் வரும், அவை பக்கத்தில் நிற்கிற பிள்ளைகளுக்கு.

கேள்வி: எங்கள் தெருவுக்குக் கேரல் 22-ம் தேதி இரவு என்று போட்டுவிட்டார்கள். மாமியார் தனுஷ்கோடியிலிருந்து வந்தவர். அன்றைக்கு மேளம் வாசலுக்கு வரவே கூடாது என்கிறார். பக்கத்து வீட்டார் குறையாகப் பேசுகிறார்கள்.
— பெயர் வேண்டாம், இராமேஸ்வரம்

பதில்: உங்கள் மாமியார் பக்கம்தான் நான். 1964 டிசம்பர் 22 இரவுதான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலும் அதில் இருந்தவர்களும் அந்த இரவில்தான் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். வீட்டில் நட்சத்திரம் கட்டி, பிள்ளைகளுக்குத் துணி தைக்கக் கொடுத்து வைத்திருந்த ஊர் அது. அந்த ஊர்க் கோயிலின் சுவர்கள் இன்னும் மணலில் நிற்கின்றன, சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அங்கே புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கினவர்களுக்கு அது படம் எடுக்கிற இடம் இல்லை.

அன்பியத் தலைவரிடம் பேசித் தேதியை மாற்றச் சொல்லுங்கள். வேறு தெருவோடு மாற்றிக்கொள்வது ஒரு போன் பேச்சு. முடியாவிட்டால் உங்கள் வாசலில் மேளம் இல்லாமல், இறந்தவர்களுக்காக ஒரு செபம் சொல்லிவிட்டுப் போகட்டும். பேரப்பிள்ளைகளை அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்த இரவைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் கரையில் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர் சொல்ல நினைப்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நாடகத்தில் மூன்று ராஜா வேடத்துக்கு ஐந்து பையன்கள் அடித்துக்கொள்கிறார்கள். யாரை விடுவது?
— மறைக்கல்வி ஆசிரியர், மண்டபம்

பதில்: யாரையும் விடாதீர்கள் தம்பி. மத்தேயு நற்செய்தி 2-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது. எத்தனை பேர் என்று இல்லை, ராஜாக்கள் என்றும் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று என்று பின்னால் வந்த வழக்கம். ஐந்து பேரையும் ஏற்றுங்கள், இரண்டு பேர் விளக்குப் பிடித்து வரட்டும்.

இடையர் வேடம் கிடைத்த பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டால் அவர்களுக்கும் ஒன்று சொல்லுங்கள்: லூக்கா நற்செய்தியில் இயேசு பிறந்த சேதியைச் சம்மனசு முதலில் சொன்னது இவர்களுக்குத்தான். இரவில் கண் விழித்து வேலை பார்த்தவர்களுக்கு. அதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம், அவர்கள் அப்பாமார் செய்வதும் அதுதான்.

கேள்வி: நடுச்சாமப் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற மாட்சிமைப் பாட்டு வரும்போது எங்கள் குழு வருஷா வருஷம் தடுமாறுகிறது. மற்றப் பாட்டெல்லாம் நன்றாகப் பாடுகிறோம்.
— பாடகர் குழு, முத்துப்பேட்டை

பதில்: திருவருகைக்கால ஞாயிறுகளில் அந்தப் பாட்டு கிடையாது. ஆக நாலு வாரமாக அதை வாயில் எடுக்காமல் இருந்துவிட்டு, புதுப்பாட்டுகளையே ஒத்திகை பார்க்கிறீர்கள். அப்புறம் அந்த நேரத்தில்தான் கோயில் மணி எல்லாம் அடிக்கும், பாலன் சுரூபத்தைக் குடிலுக்கு எடுத்துப்போவார்கள், வெளியே வெடியும் போடுவார்கள். கீபோர்டு யார் காதிலும் விழாது, ஆளுக்கு ஒரு தாளத்தில் ஓடும். கடைசி வாரம் முழுக்க இந்த ஒரு பாட்டை, பக்கத்தில் ஒருவர் கைமணி ஆட்ட ஆட்டப் பாடிப் பழகுங்கள். நடுச்சாமத்தில் தொண்டை ஏறாது, சுருதியை அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள். குழுத் தலைவர் கீபோர்டைப் பார்க்காமல் எல்லாரும் பார்க்கிற இடத்தில் நின்று கையால் தாளம் காட்ட வேண்டும். கரண்ட் போனாலும் அப்போது பாட்டு நிற்காது.

கேள்வி: இந்த டிசம்பரில் வடகடல் கொந்தளிப்பு. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை, தொழில் இல்லை. நாத்தனார் பிள்ளைகளுக்கும் என் ஞானமகளுக்கும் (திருமுழுக்கில் நான் ஞானத்தாயாக நின்ற பிள்ளை) புதுத்துணி எடுத்தாக வேண்டும். குழுவில் கடன் வாங்கலாமா?
— வாசகி, பாம்பன்

பதில்: வேண்டாம். துணிக்கு வாங்குகிற கடன் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வரைக்கும் கூட வரும். வட்டி கட்டுகிற வாரம் மறுபடி வாடை அடித்தால் என்ன செய்வீர்கள்?

கடற்கரைக் குடும்பத்துக்கு டிசம்பர் என்பது கை காய்கிற மாதம். இது உங்கள் நாத்தனாருக்கும் தெரியும், அவரும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்தானே. ஆகவே நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: "பிள்ளைகளுக்கு மூன்று ராஜா திருநாளில் தருகிறேன்." காணிக்கை கொடுத்ததை நினைக்கிற நாள் அது, பரிசு கொடுக்க அதில் ஒரு குறையும் இல்லை. கூடவே ஒரு சௌகரியமும் உண்டு. பண்டிகை முடிந்ததும் ஜவுளிக்கடைகளில் விலை இறங்கும், வானமும் சற்றுத் தெளிந்திருக்கும்.

25-ம் தேதி வெறுங்கையோடு போக மனம் வராது, அதுவும் எனக்குப் புரிகிறது. ஒரு பனையோலைப் பெட்டி வாங்குங்கள். மழைக்கு முன்னால் காயப்போட்ட நெத்திலிக் கருவாடு இருந்தால், மண் இல்லாமல் சுத்தம் பார்த்து, தலை கிள்ளி, பெட்டி நிறைய வைத்துக் கொடுங்கள். மதுரையில் இருக்கிற சொந்தக்காரர்கள் சட்டை எடுத்துக் கொடுத்ததை மறந்துபோவார்கள், இந்தப் பெட்டியை மறக்க மாட்டார்கள். ஞானமகளை மட்டும் அன்றைக்குக் கூப்பிட்டு நெற்றியில் சிலுவை போட்டு, பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டிவிடுங்கள். ஞானத்தாயிடம் பிள்ளை எதிர்பார்ப்பது அதைத்தான்.

கேள்வி: பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும், சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிற எதிர்வீட்டு அண்ணனுக்கும் என்ன பலகாரம் கொடுப்பது?
— வாசகர், கீழக்கரை

பதில்: முஸ்லிம் வீட்டுக்குக் கேக் கொடுத்தால் பழத்தை ரம்மிலோ ஒயினிலோ ஊறவைத்ததாக இருக்கக் கூடாது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்தாலே நன்றாக வரும். கடைக் கேக் என்றால் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். மாலை போட்டவருக்கு முட்டை ஆகாது, ஆகவே கேக்கும் வேண்டாம், முட்டை ஊற்றிய அச்சு முறுக்கும் வேண்டாம். அதிரசம், முந்திரிக்கொத்து, தனி எண்ணெயில், அன்றைக்கு முதலில் சுட்டது. அதைச் சொல்லியே கொடுங்கள், அவர் யோசிக்காமல் சாப்பிடலாம்.

உங்கள் ஊரில் இருந்துகொண்டு தொதலை விட்டுவிட்டீர்களே! அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து, எண்ணெய் பிரிந்து சட்டியை விட்டு உருண்டு வருகிற வரை கிண்டுகிற அந்த அல்வாவை இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கொடுக்கலாம். ஒருவருக்கும் ஆட்சேபம் வராது.

கேள்வி: எங்கள் அன்பியத்தில் ஒரு வீட்டுக்காரர் எல்லை தாண்டினார் என்று பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறார். அந்த வீட்டுக்குக் கேரல் போகலாமா, கூடாதா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி. அவர் மகள்தான் நாடகத்தில் மாதா.
— அன்பியப் பொறுப்பாளர், தங்கச்சிமடம்

பதில்: கட்டாயம் போக வேண்டும். எல்லா வாசலிலும் நின்றுவிட்டு அந்த ஒரு வாசலைத் தாண்டிப் போனால், அன்றைக்கு இரவு அந்தப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? துக்க வீடு மாதிரி அதை ஒதுக்காதீர்கள். அது காத்திருக்கிற வீடு.

ஆனால் முதலில் இரண்டு பெண்கள் பகலில் போய் அந்த அம்மாவிடம் கேளுங்கள். எந்தப் பாட்டு வேண்டும், மேளம் வேண்டுமா, கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் வரலாமா என்று அவரே சொல்லட்டும். காணிக்கைத் தட்டை அந்த வாசலில் நீட்டாதீர்கள். உள்ளே போய் உட்கார்ந்து, பிடிபட்டிருக்கிற எல்லாரையும் பெயர் சொல்லி மன்றாடுங்கள். எல்லார் பார்க்க உறையில் பணம் வைத்துக் கொடுப்பது வேண்டாம், அந்த அம்மாவைக் கூனிக் குறுக வைக்கும். அரிசி, எண்ணெய், பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று முன்னதாகவே, சத்தமில்லாமல் போய்ச் சேர வேண்டும். படகு முதலாளியோடு பேசுவது, மீன்துறை அலுவலகத்துக்கு அந்த அம்மாவோடு துணைக்குப் போவது, வழக்கு எந்தத் தேதிக்கு வருகிறது என்று கேட்டுச் சொல்வது, இதெல்லாம் உங்கள் குழுவில் இருக்கிற ஆண்கள் செய்ய வேண்டியது. கேரலை விட இதுதான் அந்த வீட்டுக்கு இப்போது தேவை. பண்டிகை முடிந்த பிறகும் தேவை.

அந்தப் பிள்ளை மாதா வேடத்தில் நடிக்கட்டும். பாவம் என்று நினைத்து வேடத்தை மாற்றிவிடாதீர்கள். முழு நாடகத்தையும் நல்ல கேமரா உள்ள போனில், ஆடாமல், பக்கத்திலிருந்து ஒருவர் எடுத்து வைக்க வேண்டும். அவர் திரும்பி வந்ததும் பார்ப்பார். அவர் வருகிற நாள் பிப்ரவரியாக இருந்தாலும் அன்றைக்கு அந்த வாசலில் ஒருமுறை போய்ப் பாடுங்கள்.

கேள்வி: குடிலுக்குப் பவளப்பாறைக் கல்லும் சிப்பியும் பொறுக்கப் பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். அனுப்பலாமா?
— வாசகி, வேதாளை

பதில்: பவளப்பாறைக்கு வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கின கல்லாக இருந்தாலும் எடுப்பது சட்டப்படி குற்றம். நம் கடலில் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கிறது, அந்தப் பாறைகளில்தான் நம் மீன் குஞ்சு பொரிக்கிறது. சிப்பியிலும் தடை செய்த வகைகள் உண்டு, ஆகவே அதையும் விட்டுவிடுங்கள்.

பனையோலையால் கூரை, பழைய சாக்கில் களிமண் தோய்த்து மலை, அவ்வளவு போதும். புல்வெளிக்குக் கம்பு விதையுங்கள். ஒரு இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளை வந்ததும், தட்டில் மண் பரப்பி நெருக்கமாகத் தூவி, வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வரட்டும். 24-ம் தேதிக்கு விரல் உயரம் வேண்டுமென்றால் 15-ம் தேதிக்குள் ஊறப்போட்டுவிடுங்கள். கோழியை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.