அடிக்கடி சளி பிடிக்கிறது. சீன மருத்துவம் சொல்லும் 'வெய் ச்சி'யைப் பலப்படுத்த வீட்டில் என்ன செய்யலாம்?

நான் மருத்துவன் இல்லை. சீனாவின் குவாங்சோவில் நாலு வருடம் வேலை பார்த்தபோது, வீட்டுக்கார அம்மாவிடம் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

போன புதிதில் ஒரு தடவை காய்ச்சலும் மூக்கடைப்புமாகக் கிடந்தேன். எதிர்ப்பு சக்திக்கு நல்லது என்று ஆபீஸில் யாரோ சொன்னதை நம்பி, ஹுவாங் ச்சி என்ற மூலிகை வேரைப் போட்டுக் கோழி சூப் வைத்தேன். வாசனை பிடித்து எட்டிப் பார்த்த அந்த அம்மா அடுப்பையே அணைத்துவிட்டார். "திருடன் உள்ளே இருக்கிறான், நீ கதவைச் சாத்துகிறாயே!"

திருடன் என்றது நோயை. அது அவர் சொந்தமாகச் சொன்னதில்லை, அங்கே வைத்தியர்கள் வழிவழியாகச் சொல்வது. வெய் என்றால் காவல், வெய் ச்சி என்றால் காவல் சக்தி. 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்ற பழைய மருத்துவ நூலின்படி, இந்தக் காவல் சக்தி ரத்தக் குழாய்களுக்கு வெளியே, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓடுகிறது. பகலில் 25 சுற்று, இரவில் 25 சுற்று. உடம்பைச் சூடாக வைப்பதும், வியர்வைத் துளைகளைத் திறந்து மூடுவதும் அதன் வேலை. ஹுவாங் ச்சி அந்தக் கதவை இறுக்கும். அதனால் நன்றாக இருக்கும்போதுதான் அதைச் சாப்பிட வேண்டுமாம். குளிர் ஏறிச் சளி பிடித்த முதல் நாளில் இஞ்சியும் வெங்காயத்தாளின் வெள்ளைத் தண்டும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்து, லேசாக வியர்த்தால் போதும்.

அந்த அம்மா என்னை விடாமல் செய்யவைத்தது பிடரியை மூடுவது. வெளியே புழுங்கும், உள்ளே ஏசி உறையும். வியர்த்த சட்டையோடு ஏசியில் உட்காரக் கூடாது என்பார். பிடரியிலும் மேல்முதுகிலும் உள்ள ஃபெங்ச்சி, ஃபெங்மென் என்ற அக்குபங்சர் புள்ளிகளின் பெயரிலேயே 'ஃபெங்', அதாவது காற்று, இருக்கிறது; காற்று புகும் இடம் என்பது கணக்கு. இரவில் வெந்நீரில் கால் மணி நேரம் கால் வைப்பதும் உண்டு. நெற்றியில் வியர்வை அரும்பியதும் எடுத்துவிட வேண்டும், கொட்டக் கொட்ட வியர்த்தால் இருக்கிற சக்தியும் போகும் என்பது கணக்கு. (சர்க்கரை நோய் இருந்தால் கால் மரத்துப் போயிருக்கலாம், சூட்டை வேறு யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.) முழங்கால் சில்லுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, எலும்புக்கு வெளிப்பக்கம் ஒரு விரல் அகலத்தில் 'சூசான்லி' என்ற இன்னொரு புள்ளி இருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டே அமுக்கலாம்.

கோடையின் உச்சத்தில் முதுகில் மருந்துப் பத்து போடுவார்கள், குளிர்கால நோய்க்குக் கோடையிலேயே வைத்தியம் என்று. அதில் வெண்கடுகு இருக்கும். எனக்குக் கொப்புளம்தான் மிச்சம்.

'யூ பிங் ஃபெங்' பொடியை ஆன்லைனில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஹுவாங் ச்சி, பாய்ஜு, ஃபாங்ஃபெங் என்ற மூன்று மூலிகைகளும் சேர்ந்தது. நானாக இருந்தால் வாங்க மாட்டேன். மூலிகைப் பெயர்கள் குழப்பும்: 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய வைக்கும் மாத்திரைகளில் 'ஃபாங்ஜி' என்ற ஒரு மூலிகைக்குப் பதில் அதே பெயர் ஒட்டிய இன்னொரு நச்சு மூலிகை கலந்துவிட, நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஹுவாங் ச்சி பக்கமே போகக் கூடாது.

எனக்குச் சளி குறைந்தது உண்மை. அது வெய் ச்சியாலா, ஈரச் சட்டையை மாற்றியதாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். உங்களுக்கு மாதா மாதம் வருகிறதென்றால் அலர்ஜியாகவும் இருக்கலாம். முதலில் ஒரு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், காசா பணமா?