எந்தத் தபரீ?

கேள்வி: குர்ஆன் வகுப்பில் இமாம் தபரீயின் தஃப்சீரிலிருந்து (குர்ஆன் விளக்கவுரையிலிருந்து) ஒரு விளக்கம் சொன்னேன். என் மச்சான் எல்லார் முன்னாலும், "அவர் ஷீஆக்காரர், அந்தக் கிதாபைத் தொடாதே" என்று சொல்லிவிட்டார். உண்மையா? அவருக்கு என்ன பதில் சொல்ல?

பதில்: உங்கள் மச்சான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. தபரீ உயிரோடு இருந்தபோதே பக்தாதில் இந்தப் பேச்சு இருந்தது. ஆனால் அவர் சுன்னத் வல் ஜமாஅத் (சுன்னி) இமாம்தான். முதலில் ஷாஃபி வழியில் நின்றார். பிறகு ஜரீரி என்று தனி மத்ஹபே (மார்க்கச் சட்ட வழியே) கண்டார். அது நிலைக்கவில்லை.

பழி எங்கிருந்து வந்தது? ஒரு காரணம், பெயர். நம் இமாம் முஹம்மது இப்னு ஜரீர் இப்னு யஸீத், தபரிஸ்தானின் ஆமுலில் பிறந்து, ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) பக்தாதில் மறைந்தவர். முஹம்மது இப்னு ஜரீர் இப்னு ருஸ்தும் என்று இன்னொரு தபரீ உண்டு. இவர் அசல் ஷீஆ அறிஞர். இமாமத் (நபிக்குப் பின் தலைமை யாருக்கு என்பது) பற்றி 'அல்முஸ்தர்ஷித்' எழுதியவர். ஊரும் பெயரும் தகப்பன் பெயரும் ஒன்று. பாட்டன் பெயரைப் பார்க்காதவர்கள் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள்.

இன்னொரு காரணம், பகை. அறிஞர்களின் கருத்து வேறுபாடுகளைத் தொகுத்த நூலில் இமாம் அஹ்மத் இப்னு ஹம்பலைத் தபரீ சேர்க்கவில்லை. கேட்டபோது, அவர் ஹதீஸ் (நபிமொழி) அறிஞர், ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அறிஞர் அல்ல என்றாராம். அவர் வழி நின்ற ஹம்பலிகள் சும்மா விடுவார்களா? தபரீ வீட்டின் மேல் கல் விழுந்தது. பகலில் அடக்க முடியாமல் இரவில் வீட்டிலேயே அடக்கினார்கள் என்று ஒரு தகவல். ஜனாஸாவுக்குக் கூட்டம் அலைமோதியது என்று இன்னொன்று.

எனக்குப் பிடித்த சேதி இனிமேல்தான். அலீ (ரலி) பற்றி நபி (ஸல்) சொன்ன கதீர் கும் ஹதீஸை பக்தாதில் ஒருவர் மறுத்தபோது, தபரீ அலீ (ரலி) அவர்களின் சிறப்பைப் பற்றி எழுதினார். சொந்த ஊரான தபரிஸ்தானில் சிலர் அபூபக்கர், உமர் (ரலி) ஆகியோரை ஏசக் கண்டதும் அவர்களின் சிறப்பைப் பற்றி எழுதினார். ஆட்சியாளரின் கோபத்துக்குப் பயந்து ஊரைவிட்டே கிளம்ப நேர்ந்தது. ஷீஆ என்றால் இந்த இரண்டாவது வேலையை எதற்குச் செய்ய வேண்டும்?

வுளூவில் (தொழுகைக்கு முன் செய்யும் சுத்தத்தில்) காலைக் கழுவுவதா, தடவுவதா என்ற இடத்தில் (குர்ஆன் 5:6) அவர் எழுதியதும் சந்தேகம் கிளப்பியது; தடவுவது ஷீஆ வழக்கம். ஈரக்கையால் பாதம் முழுக்கத் தேய்த்துக் கழுவுவதைத்தான் அவர் சொன்னார் என்பது பிற்கால தஃப்சீர் அறிஞர் இப்னு கஸீரின் விளக்கம்.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோட்ட தஹபீ, தபரீ நம்பகமானவர், அவரிடம் கொஞ்சம் ஷீஆச் சாய்வு உண்டு, அதனால் கேடில்லை என்று எழுதினார். ராஃபிளிகளுக்காக (தீவிர ஷீஆக்களுக்காக) ஹதீஸ் புனைந்தார் என்ற பழியையும் வெறும் பொய் ஊகம் என்று தள்ளினார்.

ஒன்று மட்டும்: அவருடைய வரலாற்று நூலையும் மச்சான் இழுத்தால் நிதானமாகப் பேசுங்கள். கேட்டதைக் கேட்டபடி தருகிறேன், ஒவ்வாதது இருந்தால் அது அறிவித்தவர்களைச் சேர்ந்தது என்று தபரீயே முன்னுரையில் சொல்லிவிட்டார். அதில் பலவீனமான செய்திகளும் உண்டு. எல்லார் முன்னாலும் திருப்பிக் கொடுக்க வேண்டாம்; அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது, "எந்தத் தபரீ மச்சான், யஸீதின் பேரனா, ருஸ்துமின் பேரனா?" என்று கேளுங்கள்.