புது உபுண்டு லினக்ஸில் அப்பாச்சி 1.3 கம்பைல் ஆகாதது ஏன்?

புறக்கோட்டை மொத்தக்கடையின் பழைய ஸ்டொக் புரோகிராமுக்காக அப்பாச்சி 1.3.42 என்ற வெப் சேர்வர் மென்பொருளைக் கம்பைல் செய்ய, 'கெட்லைன்' பிழையோடு நின்றுவிடுகிறது என்கிறீர்கள். உங்கள் மெஷினில் குறையில்லை. சப்போர்ட் ஃபோல்டரில் உள்ள எச்டிடைஜெஸ்ட், லொக்ரிசோல்வ் போன்ற சின்னக் கருவிகள் கெட்லைன் என்று சொந்தமாக ஒரு ஃபங்ஷன் வைத்திருக்கின்றன. அதே பெயர் 2008 போசிக்ஸ் தரத்தில் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) சேர்ந்தது. இப்போது சிஸ்டத்தின் ஹெடர் ஃபைலும் அதை அறிவிக்கிறது. பெயர் ஒன்று, ஆர்கியுமென்ட் வேறு. கம்பைலர் விடுமா?

அந்த ஃபோல்டரின் சி ஃபைல்களில் மட்டும் பெயரை 'அப்பாச்சி_கெட்லைன்' என்று மாற்றுங்கோ, இந்தப் பிழை போய்விடும். உங்கள் கம்பைலர் ஜிசிசி 14 என்றால் இன்னொரு தொல்லை: அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பது முன்பு வெறும் எச்சரிக்கை, இப்போது பிழை. கம்பைலருக்கு ஒப்ஷன் கொடுக்கும் சிஃபிளாக்ஸில், பழைய சி மொழி விதிகளான க்னூ89 தரத்தைக் (-std=gnu89) கொடுத்துப் பாருங்கோ.

2010இல் வந்த 1.3.42தான் அந்த வரிசையில் கடைசி. கடை நெட்வேர்க்குக்குள் ஓடட்டும். இவ்வளவு பழையது என்பதால், தயவுசெய்து இன்டர்நெட்டுக்குத் திறந்துவிட வேண்டாம்.