வாசகர் கேள்வி: பட்டறைப் படிப்பை நம்பிப் பிள்ளையைச் சேர்க்கலாமா?

தொழிற்கல்வி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இயந்திரப் பணிமனையில் நெடுங்காலம் பயிற்றுநராக இருந்தவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் நன்றாகப் படிப்பவன். கணக்கில் எப்போதும் நல்ல மதிப்பெண். ஆனால் பல்கலைக்கழகம் வேண்டாம், மெஷினிஸ்ட் (இயந்திரத்தில் உலோகத்தைக் கடைந்து பாகம் செய்பவர்) பயிற்சியில் சேர்கிறேன் என்று பிடிவாதமாக நிற்கிறான். “படிப்பு ஏறாதவர்கள் போகிற இடம் அது” என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. — ஒரு தாய்

அம்மா, கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகவே அவனைச் சேர்க்கச் சொல்வேன்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் ஒரு எஃகு ஷாஃப்ட்டை, அதாவது சுழலும் தண்டை, கடைகிறோம். அது, தன்னைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்குள் சரியாக உட்கார வேண்டும். அளவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தவறினாலே போதும், பேரிங் ஆட்டம் காணும் அல்லது இறுகிச் சூடேறும். அளக்க மைக்ரோமீட்டர் இருக்கிறது. அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றும் உருளையில் 50 கோடுகள். ஆக ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். புதிதாக வரும் பிள்ளைகள் அதை நட்டு முடுக்குவது போல முடுக்கிவிடுவார்கள். ஒரே ஷாஃப்ட்டுக்கு ஐந்து பேர் ஐந்து அளவு சொல்வார்கள். முனையிலுள்ள ராட்செட் என்ற சிறு பிடியை மட்டும் திருப்பி, அது ‘டிக் டிக்’ என்றதும் நிறுத்தப் பழகிய பிறகுதான் எல்லோருக்கும் ஒரே அளவு வரும்.

அதோடு முடியவில்லை. இப்போதுதான் கடைந்து எடுத்த ஷாஃப்ட் சூடாக இருக்கும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு, 20 டிகிரி கூடுதல் சூட்டில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே பெருத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே அளந்து ‘சரி’ என்று வைத்தால், ஆறியதும் அளவு குறைந்துபோகும். கணக்கும் இயற்பியலும் கையோடு சேர்ந்தே வர வேண்டிய இடம் இது. படிப்பு ஏறாதவனால் இதில் நிலைக்க முடியாது.

சுவிட்சர்லாந்தில் கட்டாயப் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சிக்குத்தான் போகிறார்கள். யுபிஎஸ் வங்கியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த செர்ஜியோ எர்மோட்டி, இளம் வயதில் ஒரு வங்கியில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். அந்த நாட்டில் பயிற்சிக்குப் பின் மேலே படிக்கும் கதவு திறந்தே இருக்கிறது. உங்கள் மகன் சேரும் இடத்திலும் அதை மட்டும் கறாராகக் கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்து அடுத்து டிப்ளமோவுக்கோ பொறியியலுக்கோ போக முடியுமா? ‘முடியும்’ என்றால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பயிற்சி நிலையங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று புதுக் கட்டடம், நிறைய கணினிகள், ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ விளம்பரம். மற்றொன்று பழையது, உள்ளே ஒரே சத்தம். எதில் சேரலாம்? — ஓர் இளைஞர்

தம்பி, சத்தம் நல்ல அறிகுறி.

வகுப்பு நடக்கிற நாளில் போய், அனுமதி கேட்டுப் பணிமனைக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். ஒருவர் ஓட்ட, பத்துப் பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தால் உங்கள் முறை எப்போது வரும்? அப்புறம் கழிவுத் தொட்டியை எட்டிப் பாருங்கள். உலோகச் சுருள்கள் குவிந்திருந்தால் அங்கே வேலை நடக்கிறது. தொட்டி துடைத்து வைத்தது போல இருந்தால் இயந்திரங்கள் காட்சிக்கு நிற்கின்றன. வெல்டிங் பிரிவில், மாணவர்கள் பற்றவைத்து வளைத்துச் சோதித்த துண்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளும் அதில் இருக்க வேண்டும். எதுவுமே உடையாத இடத்தில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

தேர்வை யார் நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். ஜெர்மனியில் பயிற்சி பெறுபவர் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார், ஊதியம் பெறுகிறார். வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலையிடம், மீதி நாள் தொழிற்பள்ளி. தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை. முடிவில் தேர்வு நடத்துவது பெரும்பாலும் தொழில் வர்த்தகச் சபை அல்லது கைவினைச் சபை. சொல்லிக் கொடுத்த இடமே ‘தேறிவிட்டான்’ என்று எழுதித் தருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். வேலை கொடுப்பவர் அந்தச் சான்றிதழை நம்புவது அதனால்தான்.

வேலைவாய்ப்பு விளம்பரத்தை விட்டுவிடுங்கள். போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேட்டு, இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள்.

கேள்வி: எல்லாம் சிஎன்சி (கணினி நிரலில் ஓடும் இயந்திரம்), ரோபோ என்று ஆகிவிட்டதே. இன்றைக்கு ஒரு தொழிலைப் படித்துவிட்டு நாற்பது வயதில் தெருவில் நிற்க வேண்டி வராதா? — ஒரு வாசகர்

நியாயமான பயம். எரிக் ஹனுஷெக்கும் அவருடன் வேறு சில பொருளாதார அறிஞர்களும் 11 நாடுகளின் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. தொழிற்கல்வி படித்தவர்களுக்கு இளவயதில் வேலை எளிதாகக் கிடைக்கிறது, வயது ஏற ஏற அந்த அனுகூலம் குறைந்து, பொதுக்கல்வி படித்தவர்கள் முந்துகிறார்கள் என்பது அதன் முடிவு. தொழிற்கல்வியை நான் இத்தனை பிடிவாதமாக ஆதரித்தாலும் இதை மறைத்துப் பேச மாட்டேன்.

இதற்காகத்தான், ஒரே இயந்திரத்தை ஓட்ட மட்டும் சொல்லித்தரும் குறுகிய காலப் பயிற்சிகளை நம்ப வேண்டாம் என்கிறேன். சிஎன்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிரல் மாறாது. ஆனால் இன்செர்ட் என்ற வெட்டும் முனை தேய்ந்துகொண்டே இருக்கும். தேயத் தேய ஷாஃப்ட்டின் விட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். பொத்தானை மட்டும் அழுத்தத் தெரிந்தவர், பொருள் கழிவாகிப் போன பிறகுதான் விழிப்பார். விவரம் தெரிந்தவர் அளவு ஏறுவதைப் பார்த்து, இயந்திரத்தில் அளவைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டில் தேய்மானத்துக்கு ஏற்பத் திருத்திவிட்டு அடுத்த ஷாஃப்ட்டைப் போடுவார். வெட்டும் சத்தம் மாறினால் நிறுத்திவிட்டு முனையைப் பார்ப்பார். இப்படிப்பட்டவருக்கு நாளை வேறொரு இயந்திரம் வந்தாலும் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகாது. வரைபடம் வாசிப்பது, திரிகோணமிதி, உலோகங்களின் குணம், நிரல் எழுதுவது, இந்த நான்கையும் விடாத பாடத்திட்டமாகப் பார்த்துச் சேருங்கள். வேலைக்குப் போன பிறகும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகள் வெல்டிங் படிக்க ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு இது ஒத்துவருமா? — ஒரு தந்தை

தாராளமாகச் சேர்த்துவிடுங்கள் ஐயா. நல்ல பற்றவைப்புக்கு உடல் பலத்தைவிட நடுங்காத கையும் பொறுமையும்தான் முக்கியம். உலோகத்தை உருக்கும் மின்வில்லின் நீளத்தையும் கை நகரும் வேகத்தையும் கடைசி வரை ஒரே சீராகப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.

ஆனால் அந்த நிலையத்தில் ஒவ்வொரு பூத்திலும் புகை உறிஞ்சி வேலை செய்கிறதா என்று நீங்களே நேரில் பாருங்கள், இதில் சமரசம் வேண்டாம். அவள் அளவுக்குக் கையுறையும் மேலங்கியும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெரிய கையுறைக்குள் சின்னக் கை இருந்தால் வெல்டிங் டார்ச் பிடிபடாது. பயிற்றுநர் அவள் திறமையைத்தான் குறை சொல்வார். அங்கே இல்லையென்றால் நீங்களே அவள் அளவுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள்.