பள்ளிப் பேருந்தில் சீட் பெல்ட் இல்லை: என்ன கேட்பது, எதைப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். காரில் பெல்ட் போடாமல் நாங்கள் வண்டியை எடுப்பதே இல்லை. அவள் தினமும் போகும் பள்ளிப் பேருந்தில் பெல்ட்டே கிடையாது. பெற்றோர் சிலர் சேர்ந்து, எங்கள் செலவிலேயே மாட்டித் தருகிறோம் என்று பள்ளியிடம் சொல்ல நினைக்கிறோம். சரியா?
- ஒரு தாய், திருப்பூர்

பதில்: பெல்ட் உள்ள பேருந்து வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். ஆனால் கடையில் வாங்கிய பெல்ட்டை இப்போதுள்ள இருக்கையில் மாட்டச் சொல்லாதீர்கள். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த காலத்தில், ஒவ்வொரு மே மாதமும் மைதானத்தில் வரிசைகட்டி நின்ற பள்ளிப் பேருந்துகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். இருக்கையின் முதுகைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டுவேன். துருவேறிய போல்ட் தரைப்பலகையோடு கையில் வந்த பேருந்துகளும் உண்டு. மோதலின்போது குழந்தையின் எடையைப் போலப் பல மடங்கு விசை பெல்ட்டை இழுக்கும். அதைத் தாங்கும்படி இருக்கை, அதன் கால்கள், தரை மூன்றும் தொடக்கத்திலேயே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இருக்கை பெயரும். கட்டப்பட்ட குழந்தையும் அதோடு போகும்.

இடுப்பை மட்டும் கட்டும் பெல்ட்டும் வேண்டாம். சிறு பிள்ளைகளுக்கு அது வயிற்றின் மேல் ஏறி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும்; தலை முன்னிருக்கையில் போய் மோதும். இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்றுமுனை பெல்ட்தான் சரி. அதுவும் கழுத்தில் உரசாத உயரத்தில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1977 முதல் பெரிய பள்ளிப் பேருந்துகளில் பெல்ட்டுக்குப் பதிலாக இருக்கைகளையே அரணாக்கினார்கள். முதுகு உயரமாக, கனத்த மெத்தையோடு, நெருக்கமாக அமைந்த இருக்கைகள். நேருக்கு நேர் மோதினால் பிள்ளை முன்னால் உள்ள மெத்தையில் முட்டி நின்றுவிடும். வண்டி கவிழ்ந்தாலோ பக்கவாட்டில் அடிபட்டாலோ இது போதாது. 2016இல் சாட்டனூகா நகரில் ஒரு பள்ளிப் பேருந்து விபத்தில் ஆறு குழந்தைகள் இறந்தார்கள். புதிய பெரிய பேருந்துகளிலும் மூன்றுமுனை பெல்ட் வேண்டும் என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018இல் பரிந்துரைத்தது. சுமார் நாலரை டன்னுக்கு உட்பட்ட சிறிய பள்ளிப் பேருந்துகளுக்கு அங்கே பெல்ட் கட்டாயம். வண்டி சிறிதானால் மோதலின் அடி உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அதிகம். அதனால் பலகை போட்டுப் பிள்ளைகளை நெருக்கி அடைக்கும் வேனில் மகளை அனுப்புவதாக இருந்தால், பெல்ட்தான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நாளைக் காலை ஒரு நிமிடம் பேருந்தில் ஏறி, மகளை அவள் இடத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். முன்னிருக்கையின் மேல் விளிம்பில் இரும்புக் குழாய்க் கைப்பிடி இருக்கிறதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சரியாக வாய்க்கு நேரே இருக்கும். திடீர் பிரேக்கில் பல் உடைவது அதில்தான். கெட்டியான மெத்தை உறை சுற்றச் சொல்லுங்கள். ஒரு நாள் வேலை, சிறு செலவு.

காலடியையும் பாருங்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் ஏறி ஒரு சிறுவன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமராவும், எச்சரிக்கை சென்சாரும் கட்டாயமாயின. ஓட்டை விழுந்த தரையைப் பெல்ட் சரிசெய்யாது; வண்டிக்கு வெளியே நிற்கும் பிள்ளையை எந்தப் பெல்ட்டும் காப்பாற்றாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே பள்ளியிடம் இவற்றையும் கேளுங்கள்: கேமரா வேலை செய்கிறதா? அவசரக் கதவு ஒரே தள்ளில் திறக்கிறதா? பின்னோக்கி எடுக்கும்போது உதவியாளர் கீழே இறங்கி நிற்கிறாரா?

மகளிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தண்ணீர் பாட்டில் பேருந்துக்கு அடியில் உருண்டால் குனிந்து எடுக்கக் கூடாது. உதவியாளரிடம் சொல்ல வேண்டும். பேருந்தை ஒட்டிய பத்தடிக்குள் நிற்கும் சிறு பிள்ளை ஓட்டுநர் கண்ணில் படாமலே போகலாம். மாலையில் நீங்களும் பேருந்தின் கதவு திறக்கும் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதிர்ப்பக்கம் நின்று கையசைத்தால், அம்மாவைக் கண்ட பிள்ளை சாலையைப் பார்க்காமல் ஓடிவரும்.